பல் கூச்சத்துக்குப் பல்லைப் பிடுங்க வேண்டுமா?

கேள்வி: என் அம்மிச்சிக்கு 71 வயது. ஆறு மாதமாக, குளிர்ந்த மோர் குடித்தாலும் பச்சைப்புளி ரசம் ஊற்றிச் சாப்பிட்டாலும் பல் சுருக்கென்று கூசுகிறது என்கிறார். சிறு வயதிலிருந்தே உமிக்கரியில் உப்பைச் சேர்த்து அழுத்தித் தேய்ப்பது அவர் வழக்கம். வயதாகிவிட்டதால் பல்லைப் பிடுங்கிவிடலாம் என்கிறார். பிடுங்கலாமா?
- வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: கூச்சத்துக்காக மட்டும் பிடுங்க வேண்டாம் என்று அம்மிச்சியிடம் உறுதியாகச் சொல்லுங்கள். வயது ஏற ஏறப் பல்லின் உள்ளே இருக்கும் நுண்குழல்கள் தூர்ந்துபோவதால் கூச்சம் பொதுவாகக் குறையவே செய்யும். ஆகவே 71 வயதில் புதிதாகத் தோன்றும் கூச்சத்துக்கு உரிய காரணத்தைத் தேடியே ஆக வேண்டும்.

அவரை வாசல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, உதட்டை மெல்ல விலக்கிப் பாருங்கள். ஈறு கீழிறங்கி, அதன் ஓரத்தில் பல் மஞ்சளாகத் தெரிகிறதா? நகத்தை மேலிருந்து ஓட்டினால் ஒரு பள்ளத்தில் தட்டுகிறதா? அந்த மஞ்சள் பகுதி பல்லின் வேர். வெள்ளை எனாமல் அங்கே கிடையாது. மெல்லிய மேற்பூச்சும் தேய்ந்துவிட்டால் நுண்குழல்களின் வாய் திறந்துகொள்கிறது. குளிரோ புளிப்போ பட்டதும் அவற்றினுள் இருக்கும் திரவம் அசைந்து, உள்ளிருக்கும் நரம்பைத் தூண்டுவதையே நாம் கூச்சம் என்கிறோம். கரியும் உப்பும் ஆண்டுக்கணக்கில் அராவியதால் இந்தத் தேய்மானம் ஏற்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். பாக்கு மெல்லும் வழக்கம் இருந்தால் அதுவும் பல்லைத் தேய்க்கும்.

உமிக்கரியை இன்றே நிறுத்திவிட்டு, மென்மையான பிரஷையும் 5 சதவீத பொட்டாசியம் நைட்ரேட்டும் ஃபுளூரைடும் கலந்த கூச்சப் பற்பசையையும் வாங்கிக் கொடுங்கள். காலையும் இரவும் அழுத்தாமல் துலக்கி, நுரையைத் துப்பினால் போதும், தண்ணீரால் கொப்பளிக்க வேண்டாம். பலரும் தவறுவது இந்த இடத்தில்தான். கொப்பளித்தால் மருந்தும் கூடவே போய்விடும். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும் என்பதால், ஒரே வாரத்தில் கைவிட்டுவிடக் கூடாது. புளிப்பு சாப்பிட்டால் அரை மணி நேரம் கழித்துத் துலக்கட்டும். கிராம்பு எண்ணெய் சற்று நேரம் மரத்துப்போகச் செய்யுமே தவிர, குழல்களை அடைக்காது.

பற்பசையைத் தொடங்கினாலும் பல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். ஃபுளூரைடு வார்னிஷ் பூசுவதும், பள்ளத்தைப் பல்லின் நிறத்திலேயே அடைப்பதும் எளிய சிகிச்சைகள். ஒரே பல் மட்டும் கூசினாலோ, குளிர் பட்ட வலி சில நிமிடம் நீடித்தாலோ, இரவில் தானாக வலித்தாலோ, ஈறு வீங்கினாலோ தாமதிக்காதீர்கள். வேர்ச்சொத்தையாக இருக்கலாம், அதற்கு வேர் சிகிச்சையும் தேவைப்படலாம்.

ரத்த அழுத்தம், ஒவ்வாமை போன்றவற்றுக்கான சில மாத்திரைகள் வாயை உலர்த்திச் சொத்தைக்கு வழிவிடும். அதற்காக மாத்திரையை அவராகவே நிறுத்தக் கூடாது. அடிக்கடி சிறிது தண்ணீர் குடிக்கலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையோ எலும்புத் தேய்வுக்கு ஊசியோ எடுத்துக்கொள்பவராக இருந்தால் பல் மருத்துவர் அதை முதலில் அறிந்திருக்க வேண்டும் என்பதால், மருந்துச் சீட்டையும் மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.