எழாத சர்வர், எட்டாத போர்ட், கேள்விக்குறியான தமிழ்: வாசகர் கேள்வி – பதில்

லினக்ஸ் கணினியில் தரவுத்தள சர்வரை அமைப்பதில் எழும் சிக்கல்கள் குறித்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். கட்டளைகளையும் பிழைச் செய்திகளையும் ஒலிப்பின்படி எழுதியுள்ளோம்.

கேள்வி: எங்கள் பள்ளி நூலகத்தின் நூற்பட்டியல் உபுண்டுவில் மைஎஸ்கியூஎல் தரவுத்தளமாக இயங்குகிறது. பழைய ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டதால் சர்வரை நிறுத்தி, தரவுக் கோப்புறையைப் புதிய எஸ்எஸ்டிக்கு நகலெடுத்து, அமைப்புக் கோப்பில் 'டேட்டாடிர்' வரியையும் மாற்றினேன். அதன் பிறகு சர்வர் தொடங்கவே மறுக்கிறது. எல்லாவற்றுக்கும் 777 அனுமதி கொடுத்துப் பார்த்தும் பலனில்லை. என்ன செய்வது? – பள்ளி நூலகர்

பதில்: முதலில் அந்த 777 அனுமதியை நீக்கிவிடுங்கள். தரவுக் கோப்புறைக்குள் சர்வரின் அந்தரங்கச் சாவிக் கோப்புகளும் இருக்கின்றன. கணினியில் கணக்கு வைத்திருக்கும் எவரும் அவற்றைப் படிக்கவும் மாற்றவும் இப்போது வழி திறந்திருக்கிறது. அமைப்புக் கோப்புக்கும் அதே அனுமதியைக் கொடுத்திருந்தால் இன்னொரு விபரீதமும் உண்டு. எல்லோரும் எழுதக்கூடிய அமைப்புக் கோப்பை மைஎஸ்கியூஎல் நம்புவதில்லை. ஓர் எச்சரிக்கையை மட்டும் எழுதிவிட்டு அதை ஒதுக்கிவிடும். நீங்கள் மாற்றிய வரி சரியாகவே இருந்தாலும் சர்வர் அதைப் படித்திருக்காது. பழைய டிஸ்கில் மூலப் பிரதி அப்படியே இருக்குமானால், சர்வர் நின்றிருக்கும் நிலையில் 'ஆர்சிங்க்' கட்டளையை 'ஏ' விருப்பத்துடன் மீண்டும் ஓட்டுவது நல்லது. உரிமையாளர், அனுமதி இரண்டும் மூலத்தில் உள்ளபடியே வந்து சேரும்.

அடுத்து, 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்' காட்டும் சில வரிகளோடு நிறுத்திக்கொள்ளாமல், 'வார்' கோப்புறையின் 'லாக்' பகுதியில் மைஎஸ்கியூஎல் எழுதிவைக்கும் பிழை லாக்கைத் திறந்து பாருங்கள். அதில் 13 என்ற பிழை எண் இருக்கும் என்றே எதிர்பார்க்கிறேன். 'பிஎரர் 13' என்று கேட்டால் 'பர்மிஷன் டினைட்', அதாவது அனுமதி மறுப்பு, என்று விடை வரும். இந்த மறுப்பு இரண்டு இடங்களிலிருந்து வரலாம்.

ஒன்று, கோப்புறைக்குச் செல்லும் வழி. தரவுக் கோப்புறை மைஎஸ்கியூஎல் பயனருக்கு உரியதாக இருந்தாலும், அதற்கு மேலே உள்ள ஏதாவது ஒரு கோப்புறையில் அந்தப் பயனர் நுழைய முடியாவிட்டால் சர்வருக்கு வழி அடைபட்டுவிடும். என், ஏ, எம், இ, ஐ என்ற ஐந்தெழுத்துக் கட்டளையை 'எல்' விருப்பத்துடன் ஓட்டினால், பாதையின் ஒவ்வொரு படிக்கும் உரிமையாளர் யார், அனுமதி என்ன என்பதை வரிவரியாகக் காட்டும். மற்றொன்று ஆப்ஆர்மர் என்ற பாதுகாப்பு அமைப்பு. உபுண்டுவில் மைஎஸ்கியூஎல் எந்தெந்தக் கோப்புறைகளைத் தொடலாம் என்பதை இதுவும் தனியாகக் கட்டுப்படுத்துகிறது. சாதாரண அனுமதிகளை எவ்வளவு தளர்த்தினாலும் இந்தத் தடை விலகாது. 777 பலன் தராததால், உங்கள் சிக்கல் இங்கேதான் இருக்கிறது என்று கருதுகிறேன். 'ஜர்னல்சிடிஎல்' கட்டளையை 'கே' விருப்பத்துடன் ஓட்டி, கெர்னல் செய்திகளில் ஆப்ஆர்மர் என்ற பெயரையும் 'டினைட்' என்ற சொல்லையும் தேடுங்கள். மறுக்கப்பட்ட கோப்பின் முழுப் பாதையும் அதே வரியில் இருக்கும்.

இதற்காக ஆப்ஆர்மரை அடியோடு முடக்கிவிட வேண்டாம். ஆப்ஆர்மர் அமைப்புகளின் 'லோக்கல்' உட்கோப்புறையில் மைஎஸ்கியூஎல்லுக்கு உரிய கோப்பில் இரண்டு வரிகள் சேர்த்தால் போதும். புதிய பாதையைச் சாய்கோட்டுடன் முடித்து, இடைவெளி விட்டு 'ஆர்' எழுதுவது முதல் வரி. அதே சாய்கோட்டை ஒட்டி இரண்டு உடுக்குறிகள் (*) இட்டு, இடைவெளி விட்டு 'ஆர்டபிள்யூகே' எழுதுவது இரண்டாம் வரி. இரண்டு வரிகளையும் காற்புள்ளியால் முடித்து, ஆப்ஆர்மரை ரீலோட் செய்த பிறகு சர்வரைத் தொடங்குங்கள். ஃபெடோரா, ராக்கி போன்ற லினக்ஸ் வகைகளைப் பயன்படுத்துவோர் இதே சிக்கலை எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பின் வழியாகச் சந்திப்பார்கள். அங்கே 'செமேனேஜ்' கொண்டு புதிய கோப்புறைக்கு உரிய முத்திரையை வரையறுத்து 'ரீஸ்டோர்கான்' ஓட்ட வேண்டும்.

கேள்வி: அலுவலகத்தின் லினக்ஸ் கணினியில் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள சர்வரை நிறுவியிருக்கிறேன். அடுத்த அறைக் கணினியிலிருந்து இணைய முயன்றால் 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்' என்று வருகிறது. 'லிசன் அட்ரஸஸ்' வரியில் உடுக்குறி இட்டு ரீலோட் செய்தேன், பயர்வாலையும் அணைத்தேன்; மாற்றமில்லை. – கணக்குப் பிரிவு ஊழியர்

பதில்: பயர்வாலை மீண்டும் இயக்கிவிடுங்கள். இந்தச் செய்திக்குப் பெரும்பாலும் அது காரணமாக இருப்பதில்லை. 'ரெஃப்யூஸ்ட்' என்றால், எதிர்க் கணினி கிடைத்துவிட்டது, ஆனால் அந்த முகவரியில், அந்த போர்ட்டில் எந்த நிரலும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை என்று பொருள். உபுண்டுவின் பயர்வாலான யூஎஃப்டபிள்யூ தடுத்திருந்தால் வழக்கமாக நெடுநேரம் காத்திருந்து 'டைம்டு அவுட்' என்று முடிந்திருக்கும். ஃபெடோரா போன்றவற்றின் ஃபயர்வால்டி தடுத்திருந்தால் 'நோ ரூட் டு ஹோஸ்ட்' என்று வந்திருக்கும். யார் எங்கிருந்து இணையலாம் என்பதை வரையறுக்கும் 'பிஜி ஹெச்பிஏ' கோப்பில் உங்கள் கணினிக்கு உரிய வரி இல்லை என்ற செய்தி வந்திருந்தால், சர்வர் வரை சென்று சேர்ந்துவிட்டீர்கள் என்று மகிழலாம். செய்தியின் சொற்களை அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். பதிலில் பாதி அதிலேயே இருக்கிறது.

எந்த முகவரிகளில் இணைப்புகளை ஏற்க வேண்டும் என்று சொல்லும் 'லிசன் அட்ரஸஸ்' மதிப்பு, போஸ்ட்கிரெஸ் தொடங்கும்போது மட்டுமே படிக்கப்படுவது. ரீலோட் போதாது, ரீஸ்டார்ட் வேண்டும். ரீலோட் செய்த நேரத்து லாக்கைப் பார்த்தால், ரீஸ்டார்ட் செய்யாமல் இதை மாற்ற முடியாது என்று போஸ்ட்கிரெஸ் தெளிவாகவே எழுதியிருக்கும். ரீஸ்டார்ட் செய்ததும், அந்தக் கணினியிலேயே 'எஸ்எஸ்' கட்டளையை 'எல்டிஎன்' விருப்பங்களுடன் ஓட்டுங்கள். 5432 என்ற போர்ட்டுக்கு முன்னால் 127.0.0.1 மட்டும் இருந்தால், சர்வர் இன்னமும் தன் கணினிக்குள் மட்டுமே பேசுகிறது. 0.0.0.0 இருந்தால் வெளியிலிருந்து வரும் இணைப்புகளுக்கும் செவிகொடுக்கிறது.

ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் 127.0.0.1 தான் என்றால், நீங்கள் திருத்திய கோப்பும் சர்வர் படிக்கும் கோப்பும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஒரே கணினியில் இரண்டு பதிப்புகள் இருந்தால் இது எளிதில் நேர்ந்துவிடும். இதை ஊகித்துத் தேட வேண்டியதில்லை. 'பிஎஸ்கியூஎல்' உள்ளே சென்று 'ஷோ' என்று எழுதி, இடைவெளி விட்டு, 'கான்ஃபிக்', 'ஃபைல்' என்ற இரு சொற்களையும் அடிக்கோட்டால் இணைத்துக் கேட்டால், சர்வரே பாதையைச் சொல்லும். அந்த வரியின் தொடக்கத்தில் கருத்துரைக் குறி இன்னும் நீக்கப்படாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். எவராவது 'ஆல்டர் சிஸ்டம்' கொடுத்திருந்தால், அந்த மதிப்பு தரவுக் கோப்புறையிலுள்ள 'ஆட்டோ' அமைப்புக் கோப்பில் இருந்துகொண்டு, நீங்கள் கையால் எழுதியதை மேவிவிடும். 'பிஜி செட்டிங்ஸ்' அட்டவணையில் 'சோர்ஸ்ஃபைல்' நெடுவரிசையைப் பார்த்தால், ஒரு மதிப்பு எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்பது தெரிந்துவிடும்.

'பிஜி ஹெச்பிஏ' கோப்பில் மேலிருந்து கீழாக, முதலில் பொருந்தும் வரியே செல்லும். ஆகவே உங்கள் அலுவலக வலையமைப்பின் முகவரி எல்லையை மட்டும் குறிப்பிட்டு, 'ஸ்க்ராம்' கடவுச்சொல் முறையில் ஒரு வரி எழுதுங்கள். எல்லா முகவரிகளுக்கும் 'ட்ரஸ்ட்' என்று எழுதச் சொல்லும் அறிவுரையை எங்கே படித்தாலும் ஏற்க வேண்டாம். கடவுச்சொல்லே இல்லாமல் கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைப்பது அது. இந்தக் கோப்புக்கு ரீலோட் போதும்.

கேள்வி: மாத இறுதி அறிக்கை ஓடும்போது போஸ்ட்கிரெஸ் இணைப்புகள் அனைத்தும் ஒரே நேரத்தில் அறுந்துபோகின்றன. நினைவகம் 8 ஜிபி, 'வொர்க் மெம்' 256 எம்பி, 'மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ்' 200. – மென்பொருள் உதவியாளர்

பதில்: லாக்கில் 'சிக்னல் 9' என்ற சொற்கள் இருந்தால், நினைவகம் தீர்ந்த நிலையில் கெர்னல் ஒரு செயலாக்கத்தைக் கொன்றிருக்கக்கூடும், கெர்னல் லாக்கில் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒன்று அப்படி இறந்தால், பகிரப்பட்ட நினைவகம் கெட்டிருக்கலாம் என்பதால் போஸ்ட்கிரெஸ் மற்ற இணைப்புகளையும் துண்டித்து மீட்பில் இறங்குகிறது. 'வொர்க் மெம்' சர்வர் முழுமைக்குமான வரம்பு இல்லை. ஒவ்வோர் இணைப்பிலும் ஒவ்வொரு வரிசைப்படுத்தலுக்கும் தனித்தனியாக ஒதுக்கப்படலாம். இணைப்புக்கு ஒன்று என்றாலே 200 இணைப்புகளுக்கு 50 ஜிபி ஆகிறது. பொது மதிப்பை இயல்பான 4 எம்பிக்கு அருகில் வைத்து, அறிக்கை ஓடும் இணைப்பில் மட்டும் 'செட்' கட்டளையால் உயர்த்துங்கள்.

கேள்வி: பழைய மைஎஸ்கியூஎல் 5.7 சர்வரிலிருந்து 8.0க்கு மாறினோம். தமிழ்ப் பெயர்கள் சில இடங்களில் கேள்விக்குறிகளாகவும், சில இடங்களில் புள்ளியும் கோடும் ஏறிய ஐரோப்பிய எழுத்துகளாகவும் தெரிகின்றன. மீட்க முடியுமா? – தமிழ் மன்றச் செயலாளர்

பதில்: திரையில் தெரிவதை வைத்து முடிவுசெய்ய வேண்டாம். தரவு நன்றாக இருந்து, இணைப்பின் எழுத்துக்குறி அமைப்பு மட்டும் தவறாக இருந்தாலும் கேள்விக்குறிகள் தோன்றும். எனவே சேமிக்கப்பட்ட பைட்டுகளையே பாருங்கள்: 'ஹெக்ஸ்' என்ற செயற்கூற்றுக்குள் பெயர் நெடுவரிசையை இட்டு ஒரு வரியை மட்டும் கேளுங்கள்.

யூடிஎஃப்-8 முறையில், பெயர்களில் வரும் தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். 'அ' என்பது இ0 ஏஇ 85 என்று வந்தால் தரவு பழுதின்றி இருக்கிறது; அட்டவணையும் 'யூடிஎஃப்8எம்பி4' ஆக இருந்தால், இணைப்பையும் அப்படியே ஆக்கினால் பெயர்கள் சரியாகத் தெரியும். சி3 ஏ0 என்று தொடங்கினால், முன்பே யூடிஎஃப்-8 ஆக இருந்த பைட்டுகளை லத்தீன் எழுத்துகள் என்று எண்ணி இரண்டாம் முறை மாற்றியிருக்கிறார்கள், இதை மீட்கலாம். 3எஃப் 3எஃப் என்று வரிசையாக வந்தால், கேள்விக்குறியே சேமிக்கப்பட்டுவிட்டது; அந்தப் பெயர்கள் இந்தத் தரவுத்தளத்தில் இல்லை, பழைய சர்வரில் அல்லது பேக்கப்பில்தான் தேட வேண்டும். ஆகவே பழைய சர்வரை இப்போதைக்கு அழித்துவிடாதீர்கள். தமிழ்ப் பெயர்கள் இழப்பது நெஞ்சை அறுக்கும் செயல், அதிலும் உறுப்பினர்கள் தாமே எழுதித் தந்த பெயர்கள்.

இதன் வேர் இயல்பு அமைப்பில் இருக்கிறது. 5.7 வரை மைஎஸ்கியூஎல்லின் இயல்பு எழுத்துக்குறி லத்தீன்1. 2018இல் வெளிவந்த 8.0இல்தான் அது யூடிஎஃப்8எம்பி4 ஆனது. எவரும் அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதாமல் விட்டிருந்தால் அட்டவணைகள் லத்தீனிலேயே உருவாகியிருக்கும், 8.0க்கு மாறினாலும் பழைய அட்டவணைகள் தாமாக மாறுவதில்லை. 'ஷோ கிரியேட் டேபிள்' கேட்டால் ஒவ்வொன்றின் நிலையும் தெரியும். மூன்று பைட் வரை மட்டும் ஏற்கும் பழைய 'யூடிஎஃப்8' தமிழுக்குப் போதுமே என்று சிலர் நினைப்பதுண்டு. ஆனால் 2019இல் யூனிகோட் 12இல் சேர்ந்த தமிழ்ப் பின்னக் குறிகளுக்கு நான்கு பைட் வேண்டும், எமோஜிகளுக்கும் அப்படியே.

இருமுறை மாறிய வரிகளைச் சரிசெய்ய, அட்டவணையின் நகலொன்றை உருவாக்கி, அந்த வரிகளை மட்டும் தேர்ந்து, நெடுவரிசையை 'கன்வெர்ட்' கொண்டு லத்தீன்1 ஆக்கி, வந்ததைக் 'காஸ்ட்' கொண்டு பைனரி ஆக்கி, மீண்டும் 'கன்வெர்ட்' கொண்டு யூடிஎஃப்8எம்பி4 ஆக்குங்கள். சரியாக இருக்கும் வரிகளின் மீது இதை ஓட்டினால் அவையும் கேள்விக்குறிகளாகிவிடும் என்பதால், ஹெக்ஸ் மதிப்பு சி3 ஏ0 என்று தொடங்குகிறதா என்ற நிபந்தனையைக் கட்டளையிலேயே சேர்த்துவிடுங்கள். ஆங்கிலத்தில் தொடங்கித் தமிழில் தொடரும் பெயர்கள் இந்த நிபந்தனையில் சிக்காது. அவற்றைத் தனியே எடுத்து, கண்ணால் பார்த்துத் திருத்துங்கள்.