நியூட்டன் ஏன் கள்ளநாணயக்காரர்களைத் துரத்தினார்?

1696-இல் ஐசக் நியூட்டன் லண்டன் நாணயச்சாலையின் கண்காணிப்பாளர் ஆனார். கள்ளநாணயக்காரர்களைப் பிடித்து வழக்கு நடத்துவதும் அந்தப் பதவியின் வேலை. 'எனக்கு வேண்டாம்' என்று முதலில் கருவூலத்துக்கு எழுதிப் பார்த்தார், நடக்கவில்லை.

அன்று காசின் மதிப்பு அதிலுள்ள வெள்ளிதான். சுத்தியலால் அடித்த பழைய காசுகளின் ஓரம் சீராக இருக்காது. கொஞ்சம் வெட்டினாலும் தெரியாது. மூட்டைக்கு ஒரு பிடி அரிசி உருவுவது மாதிரி! வெட்டிய வெள்ளியில் மலிவான உலோகம் கலந்து போலிக் காசும் அடித்தார்கள்.

அப்புறம் நியூட்டன் விடவில்லை. ஒற்றர்களுக்குப் பணம் கொடுத்தார், சிறைக் கைதிகளிடம் வாக்குமூலம் வாங்கினார். நாணயச்சாலை மீதே நாடாளுமன்றத்தில் குறை சொன்ன கள்ளநாணயக் கில்லாடி வில்லியம் சாலோனர் 1699-இல் தூக்கிலிடப்பட்டான். கள்ளநாணயம் அடிப்பது அப்போது ராஜத்துரோகம்.

வெட்டினால் தெரியும்படி காசின் ஓரத்தில் கோடுகள் போட்டது நியூட்டன் என்பார்கள். இல்லை, இங்கிலாந்தின் இயந்திரக் காசுகளில் அது 1660-களிலேயே வந்துவிட்டது.