கரையிலிருந்து பதில்கள்

கேள்வி: கொழும்புத் துறைமுகத்துக்கு ஒரு வெளிநாட்டுப் போர்க்கப்பல் வந்ததைப் பிள்ளைகளோடு போய்ப் பார்த்தோம். மாலுமிகள் வெள்ளை உடுப்போடு தளத்தின் ஓரமெங்கும் வரிசையாக நின்றார்களே, அது எதற்கு?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: சண்டைக்கு வரவில்லை என்று சொல்வதற்குத்தான் தங்கச்சி. பாய்க்கப்பல் காலத்தில் ஆட்களைப் பாய்மரத்தின் குறுக்குக் கம்புகளில் ஏற்றி நிறுத்துவார்கள். பீரங்கியடியில் ஆளில்லை என்பது கரையில் நிற்பவனுக்குத் தெரிந்துவிடும். 21 வேட்டு மரியாதையும் அந்த வழியில் வந்ததுதான்; சுட்டு முடித்த பீரங்கியை மறுபடி நிரப்ப அக்காலத்தில் நெடுநேரம் பிடிக்கும். இன்று ஏவுகணைக்குப் பொத்தான் போதும், ஆனாலும் வரிசையை விடமாட்டார்கள்.

அந்தத் துறைமுகத்தில் 26 வருடம் கயிறு கட்டியவன் நான். ஊரெல்லாம் பீரங்கியைப் பார்க்கும், எனக்குக் கயிற்றில்தான் கண். முதலில் ஒரு மெல்லிய கயிறு பறந்து வரும். அதன் நுனியில் பந்துபோல ஒரு முடிச்சு. தலையில் பட்டால் குரும்பை விழுந்த மாதிரி இருக்கும். எனக்கு இரண்டு தரம் பட்டிருக்கிறது. அதைப் பிடித்து இழுத்தால் பின்னாலேயே தொடை மொத்தத்தில் பெரிய கயிறு, தண்ணீர் சொட்டச் சொட்ட வரும். அதன் வளையத்தைக் கரையிலுள்ள இரும்புக் குற்றியில் மாட்டிவிட்டால் எங்கள் வேலை முடிந்தது. பிறகு கப்பல்காரர்கள் கயிற்றில் ஒரு வட்டத் தகட்டைப் பூட்டுவார்கள். எலி ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. எதிரிப் படைக்கே அஞ்சாத கப்பல், கொழும்பு எலிக்கு அஞ்சுகிறது!

கேள்வி: அப்படி வந்து நிற்கும் கப்பலில் நம் பொலிஸார் ஏறிச் சோதனை போடலாமா?
– வாசகர், கல்முனை

பதில்: கப்டன் சம்மதித்தால் ஏறலாம், இல்லாவிட்டால் இல்லை. சரக்குக் கப்பலின் கதை வேறு. போர்க்கப்பல் தன் நாட்டு அதிகாரத்தையும் கூடவே கொண்டு வருகிறது. நம் சட்டத்தை மதிக்காவிட்டால் கடலெல்லையை விட்டு வெளியேறச் சொல்லலாம்.

கேள்வி: மட்டக்களப்புக்கு அப்படியொரு கப்பல் எப்போது வரும் ஐயா?
– மாணவன், கல்லடி

பதில்: வந்தாயிற்று தம்பி, உன் பூட்டன் காலத்திலேயே. திரும்பிப் போகத்தான் இல்லை.

முகத்துவாரத்து மணல்மேட்டைக் கடக்க வள்ளங்களே சில மாதங்களில் திண்டாடும்போது, போர்க்கப்பல் வாவிக்குள் வர ஏது வழி? நான் சொல்வது வெளிக்கடலில் கிடக்கும் ஹேர்மிஸை. விமானந்தாங்கியாகவே வரைந்து கட்டத் தொடங்கிய உலகின் முதல் கப்பல், பிரித்தானியாவினுடையது. ஜப்பானியர் தாக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் திருகோணமலையிலிருந்து இரவோடு இரவாகத் தெற்கே விலகி ஓடியது. 1942 ஏப்ரல் 9 காலையில், திரும்பிப் போகும் வழியில், நம் கரைக்கு நேரே அகப்பட்டது. விமானந்தாங்கியில் அன்று ஒரு விமானம்கூட இல்லை. ஜப்பானிய விமானங்கள் சூழ்ந்துகொண்டு அரைமணி நேரத்துக்குள் மூழ்கடித்துவிட்டன. 307 பேர் மாண்டார்கள். தத்தளித்தவர்களில் ஏறத்தாழ 600 பேரை வீற்றா என்ற மருத்துவக் கப்பல் ஏற்றிக்கொண்டது.

பாலமீன்மடு வெளிச்சவீட்டடியில் நின்று பார்த்தால் வெறும் தண்ணீர்தான் தெரியும். பயிற்சி பெற்ற சுழியோடிகள் இப்போதும் இறங்கிப் பார்த்துவிட்டு வருகிறார்கள். ஆழம் 50 மீற்றருக்கு மேல். நீ மூக்கைப் பொத்திக்கொண்டு குதித்துவிடாதே.