மரியான் மூரின் ‘கவிதை’: மூன்று வரிதானா?

அமெரிக்கக் கவிஞர் மரியான் மூரின் ‘கவிதை’ உங்கள் புத்தகத்தில் ஒரு மாதிரியும் நண்பரின் தொகுப்பில் வேறு மாதிரியும் இருக்கிறதே, எது சரி என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுமே சரியான பாடங்கள்தான், அதாவது ஒரே கவிதையின் வெவ்வேறு வடிவங்கள். உங்கள் புத்தகத்தில் பக்கம் எதுவும் விட்டுப்போகவில்லை. நண்பரின் தொகுப்பில் ஐந்து பத்திகளாக இருக்கும் கவிதை உங்களுடையதில் மூன்றே வரிகளாக நிற்பதற்குக் காரணம், மூரே வெட்டியதுதான்.

உங்களிடம் இருப்பது பெரும்பாலும் 1967இல் வந்த முழுத்தொகுப்பின் பாடம். 1919இல் முதலில் அச்சான கவிதையை எண்பது வயதை நெருங்கியபோது அவர் இப்படிச் சுருக்கினார். ‘கற்பனைத் தோட்டங்களில் நிஜத் தேரைகள்’ என்ற புகழ்பெற்ற தொடரையே தூக்கிவிட்டார்! எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை. ஆனால் நூலின் முகப்பிலேயே, விடுபட்டவை தற்செயலானவை அல்ல என்று தன் பெயரெழுத்துகளோடு எச்சரித்திருக்கிறார்.

புத்தகத்தின் கடைசியில் உள்ள குறிப்புகள் பகுதியைப் புரட்டிப் பாருங்கள். நீண்ட வடிவம் அங்கே முழுதாக இருந்தால், அது 1967 தொகுப்போ அதன் மறுபதிப்போதான்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள்: பாடங்கள் இரண்டோடு முடியவில்லை. 1925இல் பதின்மூன்று வரிகளில் இன்னொரு வடிவமும் வந்தது. கட்டுரையில் மேற்கோள் காட்டும்போது பதிப்பாண்டைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். அசையெண்ணி வரியமைக்கும் அவருடைய முறையைப் பற்றி எழுதுவதானால் ஐந்து பத்தி வடிவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வரிகளில் அதைக் காட்ட முடியாது.