காசநோய் ஆண்களிடம் கூடுதலாகக் காணப்படுவது ஏன்?

"காசநோய் ஆண்களையே அதிகம் பிடிக்கிறதே, இது உடம்பின் வேறுபாடா, பழக்கத்தின் விளைவா?" என்று ஹட்டனிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்.

இரண்டுக்கும் பங்குண்டு. 2022இல் உலகில் காசநோய்க்கு ஆளானோரில் ஏறத்தாழ 55 சதவீதத்தினர் வயதுவந்த ஆண்கள், 33 சதவீதத்தினர் பெண்கள், எஞ்சியோர் சிறுவர்கள். இலங்கையிலும் ஆண்களே கூடுதல். புகைத்தலையும் மதுவையும் இதற்கான முக்கிய காரணங்களாகச் சொல்லலாம்.

உடலைப் பொறுத்தவரை, வைரசின் ஆர்.என்.ஏ.யை இனங்காணும் டி.எல்.ஆர். 7 என்ற மரபணு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருப்பதாலும், பெண்களின் சில கலங்களில் அதன் இரு பிரதிகளும் இயங்குவதாலும், வைரசுக்கு எதிரான அவர்களது நிர்ப்பீடனம் பெரும்பாலும் வலுவாகத் தொடங்குகிறது. காசநோயோ பற்றீரியாவால் வருவது. ஆகவே இவ்விளக்கத்தை அப்படியே அதற்குப் பொருத்தக்கூடாது.

எண்ணிக்கையையும் கவனமாகவே வாசிக்க வேண்டும். விடியலில் பிள்ளைகளுக்கு ரொட்டி சுட்டு வைத்துவிட்டுக் கூடையோடு மலையேறும் தேயிலைத் தோட்டப் பெண், இரண்டு வாரம் கடந்த இருமலுக்குச் சளிப் பரிசோதனை செய்யப் போனால் அன்றைய பேர் (நாட்சம்பளத்துக்கான வரவுப் பதிவு) போய்விடும். பறித்த கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரைநாட் சம்பளம். (இருமலுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடித்தே நாளைக் கடத்துவோர் நம்மிடையே எத்தனை பேர்!) நோயாளர் பதிவேட்டில் இல்லாததால் அப்பெண்ணுக்கு நோயில்லை என்றாகாது.

ஆராய்ச்சியிலும் இதே குறை இருந்தது: கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண்களை ஆரம்பகட்ட மருந்துச் சோதனைகளிலிருந்து விலக்குமாறு 1977இல் பரிந்துரைத்த அமெரிக்க மருந்து நிர்வாகம், 1993இல்தான் அதை மாற்றிக்கொண்டது.