கோடையிலும் கம்பளிக் காலுறை

கேள்வி: என் கணவர் பென்சில்வேனியாக்காரர். அவருடைய அம்மாவைப் பெற்ற தாத்தா 1944-இல் பத்தொன்பது வயதில் ஜெர்மனிக்குச் சண்டைக்குப் போனவர். இப்போது இல்லை. கடைசிவரை போரைப் பற்றி வாய் திறந்ததில்லையாம். வேடிக்கையான மனிதர், கோடையிலும் இரட்டைக் கம்பளிக் காலுறை போடுவார், பிள்ளைகள் தூங்கப் போகுமுன் ஒவ்வொருவர் பாதத்தையும் துடைத்துப் பார்ப்பாராம். பரணில் அவருடைய டிஸ்சார்ஜ் சான்றிதழும், வாளி மாதிரி ஒரு சிவப்புத் துணிச் சின்னமும் கிடைத்தன. சான்றிதழில் காயம்: 'இல்லை'. போர்கள்: 'ரைன்லாந்து' மட்டும். "பெரிய ஆர்டென் சண்டை நடந்தபோது தாத்தா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார்" என்று நாத்தனார் சிரிக்கிறார். பெற்ற மகளிடம்கூட ஒன்றும் சொல்லவில்லையே என்று மாமியாருக்கு மனக்குறை. அவர் உண்மையில் சண்டை போட்டாரா?
– ஒரு வாசகி, பிட்ஸ்பர்க்

பதில்: காலுறையைப் பற்றி ஒன்றரை வரி எழுதி, 'வேடிக்கையான மனிதர்' என்று முத்திரையும் குத்திவிட்டீர்கள். உங்கள் கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது, அம்மா.

அந்தச் சிவப்பு 'வாளி' 28-ஆம் டிவிஷனின் சின்னம். பென்சில்வேனியா தேசியக் காவல்படையிலிருந்து உருவான படை அது. 1944 நவம்பர் 2 அன்று, ஜெர்மனியின் ஆகன் நகருக்குத் தென்கிழக்கே ஹூர்ட்கன் காட்டில் தாக்குதலைத் தொடங்கியது. சான்றிதழில் இருக்கும் 'ரைன்லாந்து' கணக்கில் இந்தக் காடும் சேரும். மறுநாள் ஷ்மிட் கிராமத்தைப் பிடித்து, அதற்கு அடுத்த நாளே பறிகொடுத்தது. அந்த மாதத்துக்குள் இறந்தவர், காயம்பட்டவர், பிடிபட்டவர், நோயில் விழுந்தவர் எல்லாம் சேர்த்து 6,000 பேருக்கு மேல் போனார்கள்.

அந்தக் காட்டில் பீரங்கிக் குண்டு மர உச்சியிலேயே வெடிக்கும். இரும்பும் மரச்சிலாம்பும் தலைக்கு மேலிருந்து கொட்டும். பயிற்சியில் கற்றபடி குப்புறப் படுத்தவன் முதுகு முழுவதையும் காட்டியவன் ஆவான். மரத்தோடு ஒட்டி நின்றால் பிழைக்க வழி உண்டு. இல்லையென்றால் குழி வெட்டி, மேலே கட்டைகளை அடுக்கி மண் போட வேண்டும். அந்தக் குழிக்குள் பனியும் மழையும் சேர்ந்த தண்ணீர். அதில்தான் நாள்கணக்கில் குந்தியிருந்தார்கள்.

தோல் பூட்ஸ் தண்ணீரை உறிஞ்சும். மேலே போடுகிற ரப்பர் உறை பலருக்கு வந்து சேரவில்லை. 'ட்ரெஞ்ச் ஃபுட்' என்று பாதத்தைக் கெடுக்கும் நோய் ஒன்று உண்டு. அது வர உறைபனிகூட வேண்டாம். ஈரம், குளிர், இறுக்கிக் கட்டிய பூட்ஸ் கயிறு, அசையாத கால் இவை இரண்டு மூன்று நாள் சேர்ந்தால் போதும். பாதம் மரத்து வெளுக்கும், நீலம் பாரிக்கும். சூடு பட்டதும் வீங்கி நெருப்பாய் எரியும். முற்றினால் விரலை எடுக்க வேண்டியதுதான். தேறியவர்களிலும் பலருக்குக் குளிரும் வலியும் ஆயுள் முழுக்கக் கூடவே வரும்.

தினமும் பூட்ஸைக் கழற்று, துடை, கூட்டாளியின் பாதத்தைத் தேய்த்துவிடு, காய்ந்த காலுறையை மாட்டு, ஈரமானதைச் சட்டைக்குள் உடம்புச் சூட்டில் உலர்த்து: இதுதான் ராணுவம் சொன்ன வழி. குண்டு விழுகிற நேரத்தில் எவன் கழற்றுவான்? கழற்றினாலும் வீங்கிய கால் திரும்ப உள்ளே போகாது. இந்த நோய் சான்றிதழின் காயக் கட்டத்தில் ஏறாது, போரில் காயம்பட்டவருக்குத் தரும் பர்ப்பிள் ஹார்ட் பதக்கமும் கிடையாது. இதை ஒழுங்கீனம் என்று பார்த்த அதிகாரிகளும் உண்டு.

கடிதத்தை வைத்து நோயை நான் உறுதி செய்ய மாட்டேன். ஆனால் டிசம்பர் 16-இல் ஜெர்மானியரின் ஆர்டென் தாக்குதல் தொடங்கியபோது அவர் கட்டிலில் கிடந்தார் என்றால், நவம்பரில் எங்கே நின்றார் என்று கேட்க உங்கள் நாத்தனாருக்கு ஏன் தோன்றவில்லை?

சான்றிதழின் 31-ஆம் கட்டத்தில் காலாட்படைப் போர்ச்சின்னம் இருக்கிறதா பாருங்கள். நேரடிச் சண்டையில் நின்ற காலாட்படையினருக்கே அது. மேலே எழுதியிருக்கும் படைப்பிரிவை நம்பிவிடாதீர்கள். ஊர் திரும்பும்போது ஆட்களைப் பிரிவு மாற்றித்தான் கப்பல் ஏற்றினார்கள். பிறகு ராணுவப் பணிக் கோப்பைக் கேட்கும் 180-ஆம் எண் படிவத்தை நிரப்பி, அந்தக் கோப்புகள் இருக்கும் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்துக்கு அனுப்புங்கள். 1973 ஜூலைத் தீயில் அந்தக் காலத் தரைப்படைக் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் எரிந்துவிட்டன. 'கோப்பு இல்லை' என்று பதில் வந்தால் அத்தோடு விடாமல், கம்பெனியின் 'காலை அறிக்கை'களைக் கேளுங்கள். யார் வந்து சேர்ந்தார், யார் ஆஸ்பத்திரிக்குப் போனார் என்று நாள்வாரியாக அதில் இருக்கும். போனது பணியின் பொருட்டு என்றால் பக்கத்தில் 'எல் டி' ('லைன் ஆஃப் டியூட்டி') என்று இரண்டு எழுத்து. அதை நாத்தனாரிடம் காட்டுங்கள். தேட கம்பெனியும் ரெஜிமெண்டும் தெரிய வேண்டும். அவர் அங்கிருந்து வீட்டுக்கு எழுதிய பழைய கடித உறைகளில் அனுப்புநர் முகவரியாக இரண்டும் இருக்கும்.

மாமியாரின் குறையை நான் ஏற்கவில்லை. தகப்பன் பிள்ளைக்குத் தர வேண்டியது சோறும் காவலும். தான் பட்ட பாட்டையெல்லாம் ஒப்பிக்க வேண்டும் என்று எந்த வீட்டிலும் சட்டம் இல்லை. அவர் இரவுதோறும் பிள்ளைகளின் காலடியில் உட்கார்ந்தார். ஏன் என்று கேட்காமல் சிரித்தது அந்த வீடு. இப்போது நீங்களும் சேர்ந்துகொண்டீர்கள்.

படிவம் நாளைக்குப் போகட்டும். இன்று மாமியாரிடம் பேசுங்கள். விரல் இடுக்குகளைத் துடைத்தாரா, எந்தக் காலில் தொடங்குவார், துடைத்தபின் கையால் தேய்த்துவிட்டாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.