ஐந்து பேர் ஆண்ட நாலு வருடம்: பிரான்ஸின் டைரக்டரி ஆட்சி பற்றிச் சில கேள்விகள்

பிரெஞ்சுப் புரட்சியைப் படிப்பவர்கள் பாஸ்டில், கில்லட்டின், அடுத்து நெப்போலியன் என்று தாவிவிடுகிறார்கள். நடுவில் 1795 நவம்பர் முதல் 1799 நவம்பர் வரை ஐந்து டைரக்டர்கள் ஆண்ட காலம் விடுபட்டுப் போகிறது. எனக்கோ புரட்சியில் மிகவும் கவனித்துப் படிக்க வேண்டிய பகுதி அதுதான். அதைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: ரோபஸ்பியர் செத்ததும் பயங்கர ஆட்சி முடிந்தது என்றுதான் படித்தோம். அப்புறமும் ஏன் நாடு அடங்கவில்லை?

1794 ஜூலை 28-ல், பயங்கர ஆட்சியை முன்னின்று நடத்திய ரோபஸ்பியரின் தலை போனது. நவம்பரில், அவரைப் போன்ற தீவிரப் புரட்சியாளர்களின் அமைப்பான ஜேக்கோபின் கழகத்தை மூடினார்கள். டிசம்பர் 24-ல் தானியத்துக்கும் மற்ற அவசியப் பொருள்களுக்கும் இருந்த உச்சவிலைச் சட்டத்தை, அப்போது ஆண்டுகொண்டிருந்த கன்வென்ஷன் சபை எடுத்துவிட்டது. வியாபாரிகளுக்குச் சந்தோஷம். ஆனால் அந்தக் குளிர்காலம் கொடுமையானது. ஆறு உறைந்தது, பாரிசுக்கு வரவேண்டிய தானியமும் விறகும் வழியில் நின்றன, ரொட்டி விலை ஏறிக்கொண்டே போனது. பயங்கர ஆட்சியில் உயிருக்குப் பயந்தவர்கள் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். அதே மாதங்களில் ஏழைகள் பட்டினி கிடந்தார்கள். தெற்கே லியோன், மார்செய் நகரங்களில் சிறையில் இருந்த ஜேக்கோபின்களைக் கும்பல்கள் புகுந்து வெட்டின.

1795 மே 20 அன்று, பெண்கள் முன்னால் வர, ஒரு பெரும் கூட்டம் "ரொட்டி கொடு, 1793 அரசமைப்பைக் கொடு" என்று சபைக்குள் நுழைந்தது. ஃபெரோ என்ற உறுப்பினரைக் கொன்று தலையை ஈட்டியில் செருகி, தலைமை நாற்காலியில் இருந்த புவாசி தாங்லாவின் முகத்துக்கு நேரே நீட்டினார்கள். அவர் அந்தத் தலைக்கு வணக்கம் செலுத்தினார் என்பார்கள். சில நாள்களில் ராணுவம் தொழிலாளர் பகுதிகளைச் சுற்றி வளைத்து ஆயுதங்களைப் பறித்தது.

ஜூன் 23-ல், புதிய அரசமைப்பின் வரைவைச் சபையில் எடுத்து வைத்தவர் அதே புவாசி தாங்லாதான். சொத்து உள்ளவர்கள்தான் நாட்டை ஆள வேண்டும் என்று அவர் வாதிட்டார். அந்தத் தலையைப் பார்த்து ஐந்து வாரம்கூட ஆகாத மனிதர் வேறு எப்படிப் பேசுவார்? ஆனாலும் அந்த முடிவு பாரிஸ் ஏழைகளைக் குடியரசிலிருந்து வெட்டிவிட்டது. பின்னால் குடியரசுக்கு ஆபத்து வந்தபோது அவர்கள் எழுந்து வரவில்லை.

கேள்வி: நாட்டை ஆள ஐந்து பேர் எதற்கு?

ஒருவரிடம் அதிகாரம் போனால் இன்னொரு ராஜாவோ ரோபஸ்பியரோ வந்துவிடுவார் என்ற பயம்தான். பயம் நியாயமானது. ஆனால் அந்த அரசமைப்பு மொத்தமும் பயத்திலேயே எழுதப்பட்டது. சட்டம் இயற்ற இரண்டு அவைகள்: ஐநூற்றுவர் அவை, 250 பேர் கொண்ட மூத்தோர் அவை. மூத்தோர் அவைக்குப் போக 40 வயது நிரம்ப வேண்டும், மணமானவராகவோ மனைவியை இழந்தவராகவோ இருக்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் அவைகளில் மூன்றில் ஒரு பங்கு புதிதாகத் தேர்ந்தெடுக்கப்படும். டைரக்டர்களில் ஒருவர் வருடாவருடம் விலக வேண்டும். முதல் சில வருடங்களுக்கு யார் விலகுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தார்கள்.

சரி, டைரக்டர்களுக்கும் அவைகளுக்கும் தகராறு வந்தால்? அங்கேதான் எல்லாம் முட்டி நின்றது. டைரக்டர்களால் அவைகளைக் கலைக்க முடியாது, சட்டத்தைத் தடுக்க முடியாது. பெரிய குற்றம் சாட்டினால் ஒழிய அவைகளாலும் டைரக்டர்களை அனுப்ப முடியாது. கருவூலமோ டைரக்டர்களின் கையிலேயே இல்லை. அரசமைப்பைத் திருத்தலாம் என்றால் அதற்கு ஒன்பது வருடம் பிடிக்கும்படி விதி எழுதியிருந்தார்கள். அந்த ஆட்சி மொத்தமாக இருந்ததே நாலு வருடம்தான்.

கேள்வி: அவர்கள் பதவியேற்றபோது உட்கார நாற்காலிகூட இல்லை என்பது உண்மையா?

கிட்டத்தட்ட. அவர்கள் குடியேறிய பாரிசின் லக்சம்பர்க் மாளிகை பயங்கர ஆட்சியில் சிறைச்சாலையாக இருந்தது. சாமான் எதுவும் மிச்சமில்லை. ஒரு கால் உளுத்துப்போன சின்ன மேசை, நாலு நாற்காலி, சரியாகப் பிடிக்காத விறகு, எல்லாம் வாயில்காவலரிடம் இரவல் வாங்கியவை. எழுதத் தாள்கூடக் கையோடு கொண்டுபோனதுதான். அந்த மேசையில் உட்கார்ந்துதான் பதவியேற்பை அறிவிக்கும் முதல் தாளை எழுதினார்கள் என்று அந்தக் காலத்துக் குறிப்பு ஒன்று சொல்கிறது. அன்று வெளியே உள்நாட்டுக் கலகமும், ஆஸ்திரியாவோடும் பிரிட்டனோடும் போரும் நடந்துகொண்டிருந்தன.

கேள்வி: பணத்தாள் செல்லாக் காசாகிப் போனதாமே? சாதாரண ஜனங்கள் எப்படிச் சமாளித்தார்கள்?

1789 டிசம்பரில், தேவாலயச் சொத்தை ஈடாக வைத்து 40 கோடி லிவ்ருக்கு (அன்றைய பிரெஞ்சு நாணயம்) அசிஞா என்ற தாள்களை வெளியிட்டார்கள். 1796 தொடக்கத்தில் சுமார் 4,000 கோடி புழக்கத்தில் இருந்தது. 100 லிவ்ர் தாளுக்கு அரை லிவ்ர் நாணயம்கூடக் கிடைக்காத நிலை. பிப்ரவரி 19-ல் வான்தோம் சதுக்கத்தில், ஜனங்கள் பார்க்க, அச்சு இயந்திரங்களையும் தகடுகளையும் அழித்தார்கள். அடுத்து வந்த புதிய தாளும் ஒரு வருடத்துக்குள் செத்தது.

எல்லோரும் நஷ்டப்படவில்லை. தாளைக் கொடுத்து நிலம் வாங்கியவர்கள் கொழுத்தார்கள். தாளில் சம்பளம் வாங்கிய அரசு ஊழியர்களும் கடன்பத்திர வட்டியில் வாழ்ந்த முதியவர்களும்தான் நடுத்தெருவுக்கு வந்தார்கள். 1797 செப்டம்பரில் நிதி அமைச்சர் ராமெல், அரசின் கடனில் மூன்றில் இரண்டு பங்கை நடைமுறையில் கைகழுவினார். அடி வாங்கியது பெரும்பாலும் இந்த ஆட்சிக்கு ஆதரவாக இருந்திருக்க வேண்டிய நடுத்தர வர்க்கம். அதற்குப் பிறகு யார் இவர்களை நம்பித் தோள் கொடுப்பார்கள்?

கேள்வி: வருடாவருடம் தேர்தல் நடந்திருக்கிறது. அதைப் போய் நிலையற்ற ஆட்சி என்பது சரியா?

தேர்தல் நடந்தது. முடிவு பிடிக்காவிட்டால் ரத்தானது. இந்த ஆட்சியின் நோய் அதுதான் என்பது என் உறுதியான கருத்து.

தொடக்கமே கோணல். புதிய அவைகளில் மூன்றில் இரண்டு பங்கு பழைய கன்வென்ஷன் உறுப்பினர்களுக்கே என்று கன்வென்ஷனே ஆணை போட்டுக்கொண்டது. அரசமைப்புக்குப் பத்து லட்சம் பேர் ஆதரவாக வாக்களித்தார்கள். இந்த ஆணைக்கு இரண்டு லட்சம்தான், எதிர்ப்பு ஒரு லட்சத்துக்கு மேல். 1795 அக்டோபர் 5-ல் பாரிசில் மன்னர் ஆதரவாளர்கள் ஆயுதம் ஏந்தினார்கள். பின்னால் டைரக்டரான பராஸ் அழைத்துவந்த 26 வயதுத் தளபதி நெப்போலியன் பொனபார்ட், பீரங்கியால் அவர்களைச் சிதறடித்தான்.

1797 வசந்தத்தில்தான் உண்மையான முதல் தேர்தல். மறுபடி நின்ற இருநூற்றுச் சொச்சம் பழைய உறுப்பினர்களில் ஒரு டஜன் அளவுக்குத்தான் ஜெயித்தார்கள். மன்னராட்சியை விரும்பியவர்களும் மிதவாதிகளும் குவிந்தார்கள். செப்டம்பர் 4 அன்று, பராஸ், ரூபெல், லா ரெவெல்லியேர் என்ற மூன்று டைரக்டர்கள், பொனபார்ட் அனுப்பிய ஓஜெரோவின் படையை வைத்து அவைகளை முற்றுகையிட்டார்கள். 49 மாவட்டங்களின் தேர்தல் ரத்து. 177 உறுப்பினர்கள் வெளியே. சக டைரக்டரான கார்னோ தப்பி ஓடினார். இன்னொருவரான பார்த்தெலெமியைத் தென் அமெரிக்காவிலுள்ள கயானாவுக்கு நாடு கடத்தினார்கள்.

1798-ல் இடதுசாரிகள் வளர்ந்தார்கள். இந்தத் தடவை படைகூட வேண்டியிருக்கவில்லை. மே 11-ல் ஒரு சட்டம் போட்டு நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் வெற்றியைச் செல்லாததாக்கினார்கள். 1799 ஜூனில் அவைகள் பதிலடி கொடுத்து மூன்று டைரக்டர்களை வீட்டுக்கு அனுப்பின.

1797-ல் ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். தளபதி பிஷெக்ரு போன்றவர்கள் மன்னர் தரப்போடு பேசிக்கொண்டிருந்தது உண்மை. ஆனால் சதி செய்தவர்களை மட்டும் நீதிமன்றத்தில் நிறுத்துவதற்குப் பதில் பாதி நாட்டின் வாக்கை அழித்தார்கள். வாக்குப்பெட்டியால் எதையும் மாற்ற முடியாது, ராணுவத்தால் முடியும் என்று எல்லாத் தரப்பும் அன்று கற்றுக்கொண்டது.

கேள்வி: பராஸின் ஊழல்தானே இந்த ஆட்சியைக் கவிழ்த்தது?

பராஸ் காசு பார்த்தார், ஆடம்பரமாக வாழ்ந்தார், மறுப்பதற்கில்லை. ஆனால் கார்னோவும் லா ரெவெல்லியேரும் கை சுத்தமானவர்கள். ஐந்து பேரும் யோக்கியர்களாக இருந்திருந்தாலும் மேலே சொன்ன முட்டுக்கட்டைகள் அப்படியே இருந்திருக்கும்.

கேள்வி: நெப்போலியன் எகிப்திலேயே மாட்டிக்கொண்டிருந்தால் டைரக்டரி பிழைத்திருக்குமா?

சந்தேகம்தான். ஆட்சியைக் கவிழ்க்கத் திட்டம் போட்டதே டைரக்டரான சியெஸ். அவர் முதலில் மனதில் வைத்திருந்த தளபதி ஜூபேர். 1799 ஆகஸ்ட் 15-ல் இத்தாலியின் நோவி போர்க்களத்தில் ஜூபேர் இறந்துபோனார். அக்டோபர் 9-ல் எகிப்துப் படையெடுப்பிலிருந்து திரும்பிய பொனபார்ட், பிரான்ஸின் ஃப்ரெழூஸில் வந்து இறங்கினான். ஆள் மாறியது, திட்டம் மாறவில்லை.

தளபதிகளின் கை ஓங்கியதற்குப் பணமும் காரணம். கருவூலம் காலியாக இருந்தபோது இத்தாலியில் கப்பமாக வசூலித்த தங்கமும் வெள்ளியும் பாரிசுக்கு வந்தன. அரசுக்குச் சம்பளம் அனுப்பும் தளபதியை அரசு எப்படி அடக்கும்?

நவம்பர் 9-ல் ஜேக்கோபின் சதி என்று பொய் சொல்லி அவைகளைப் பாரிசுக்கு வெளியே சென் க்ளூவுக்கு மாற்றினார்கள். மறுநாள் ஐநூற்றுவர் அவைக்குள் பொனபார்ட் நுழைந்ததும் "சட்டத்துக்குப் புறம்பானவன்" என்று உறுப்பினர்கள் கத்தித் தள்ளினார்கள். அவன் நிலைகுலைந்துபோனான். காப்பாற்றியது தம்பி லூசியன். அவையின் தலைவரே அவன்தான். வெளியே வந்து, கத்தி வைத்திருக்கும் சிலர் அவையை மிரட்டுகிறார்கள் என்று சிப்பாய்களிடம் சொன்னான். தளபதி முராவின் வீரர்கள் முரசு கொட்டி உள்ளே போனார்கள். உறுப்பினர்கள் ஜன்னல் வழியாகக் குதித்து ஓடினார்கள். அன்றிரவே சிலரைத் தேடிப் பிடித்து உட்காரவைத்து, டைரக்டர்களுக்குப் பதில் ஆள மூன்று கான்சல்களை நியமிக்க வாக்களிக்க வைத்தார்கள். பாரிஸ் சும்மா இருந்தது.

கேள்வி: இவர்கள் செய்த நல்லது எதுவுமே இல்லையா?

நிறைய உண்டு. பல வரிகளை ராமெல் ஒழுங்குபடுத்தினார்; 1798-ல் வந்த கதவு, ஜன்னல் வரி 1926 வரை நீடித்தது. அதே வருடம் முதல் தேசியத் தொழில் கண்காட்சி நடந்தது. 1799 ஜூனில் மீட்டருக்கும் கிலோகிராமுக்கும் பிளாட்டினத்தில் மூல அளவுகள் தயாராயின. நெப்போலியனின் பெயரில் புகழப்படும் நிர்வாகச் சீர்திருத்தங்கள் சிலவற்றின் அடித்தளம் இங்கே போடப்பட்டதுதான்.

கேள்வி: ஐந்து பேரும் கடைசியில் என்ன ஆனார்கள்?

மொத்தம் பதின்மூன்று பேர் அந்தப் பதவியில் இருந்தார்கள், எல்லோரையும் சொல்ல இடமில்லை. பராஸ் ராஜினாமா செய்துவிட்டு கிராமத்து வீட்டுக்குப் போனார். லா ரெவெல்லியேர் நெப்போலியனுக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்து, அறிஞர் கழகத்தில் தனக்கிருந்த இடத்தை இழந்தார். கார்னோ திரும்பி வந்து 1800-ல் சில மாதம் போர் அமைச்சராக இருந்தார். கவிழ்ப்பைத் திட்டமிட்ட சியெஸுக்கு ஒரு பண்ணையும் பிறகு பிரபு பட்டமும் கிடைத்தன, அதிகாரம் கிடைக்கவில்லை. மன்னராட்சி திரும்பியதும், பதினாறாம் லூயியின் சாவுக்கு வாக்களித்த குற்றத்துக்காக அவரும் கார்னோவும் நாடுகடத்தப்பட்டார்கள். கார்னோ 1823-ல் ஜெர்மனியின் மக்டபர்கில் இறந்தார். சியெஸ் 1830 புரட்சிக்குப் பிறகு பாரிஸ் திரும்பி 1836 வரை வாழ்ந்தார்.